காது வைத்த காசு

பால் பல்லும் கிழப் பல்லும் என்னோடு சேர்ந்தே விழுந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சித்தூருக்குக் கிழக்கே, கொல்லங்கோட்டு மலையைத் தெற்கே பார்த்த ஊர்களில் பிறந்த உங்களுக்கு அந்தக் காற்றை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனி பிறந்தால் கணவாய் வழியே வரத் தொடங்கும். ஆவணி வரை நிற்காது. பகலெல்லாம் பனையோலைகள் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் நட்ட நடுப்பகலிலும் கண் செருகும். எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டின் ஆனி முதல் கார்த்திகை வரையிலான மாதங்கள் இன்றும் அப்படித்தான் நினைவில் இருக்கின்றன, பாதித் தூக்கத்தில் பார்த்ததுபோல. ஆனால் நான் செய்தது தூக்கத்தில் செய்ததல்ல.

என் அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான ஆறாம் ஆண்டு கணவன் போய், பிள்ளையும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்கு விவரம் தெரிந்தபோது எங்கள் அடுப்படியில் அவளுக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது. வரும்போது அவள் கொண்டுவந்தது ஒரு காசு. கணவன் கடலைக்கு உழுதபோது உழவுசாலில் கிடைத்தது. நம் பவுனைவிடக் கொஞ்சம் சிறியது, தடித்தது. அதை ராகிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

அந்தப் பானைக்குள் முழங்கை வரை கைவிட்டுத் தேட என்னைத்தான் விடுவாள். ராகி தண்ணீரைப்போல் விலகும், தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். விரல் நுனியில் காசு படும்போது ஏதோ ஆற்றின் அடியைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு ஆணின் தலை இருந்தது. தடித்த கழுத்து, நெற்றியில் ஒட்டிய முடி. முடியின் இழைகளுக்கு நடுவே செம்மண் இன்னும் இருந்தது. தலையைச் சுற்றி எழுத்துகள். பள்ளியில் அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்து கற்றுக்கொண்டிருந்தேன். ஏ, வி, எஸ் என்று அவற்றில் சிலதை என்னால் வாசிக்க முடிந்தது. எங்கள் வீட்டில் வேறு யாராலும் முடியாது. அதனால் அந்தக் காசு எனக்கு எழுதப்பட்டது என்றே நம்பினேன். கனவில் அந்த மனிதன் குளித்த தலையோடு வருவான், ஒன்றும் பேசமாட்டான், நான் அவனுக்கு அவனுடைய எழுத்துகளை வாசித்துக் காட்டுவேன்.

அந்த ஆனியில் அப்பாவின் வரப்பு வழக்கு விஷயமாகக் கல்பாத்தியிலிருந்து வக்கீல் ஒருவர் வந்தார். வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடி, எதையும் பாதியில் மறந்துவிட்டுத் தேடும் சுபாவம். அப்பா பத்திரம் எடுக்க உள்ளே போனபோது, நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். அத்தை காசில் இருக்கிற எழுத்தைக்கூட வாசிப்பேன் என்றேன். பெருமை, வேறொன்றுமில்லை.

இளநீர் கொண்டுவந்த அத்தை, அவர் இரண்டு தரம் கேட்டதும் காசைக் காட்டினாள். அவர் அதன் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாளில் அந்தத் தலை எழுந்து வந்தது.

"இது நம்ம ராஜாக்கள் அடிச்சதில்லையாக்கும். கடல் தாண்டி வந்தது. இத்தனை காலம் மண்ணுக்குள்ள கெடந்துட்டு ஒரு கீறல் இல்லாம வந்திருக்கு, பாத்தேளா. பட்டணத்துல எனக்கு ஒருத்தர் இருக்கார், அவர்ட்ட கேட்டு எழுதறேன். நான் நெனைக்கறது சரியா இருந்தா, இதோட எடைக்குப் பத்து மடங்கு தங்கம் வச்சாலும் ஈடாகாது."

"தம்பிக்குத் தெரிய வேண்டாமுங்க" என்றாள் அத்தை. தம்பி என்றது என் அப்பாவை.

"நான் சொல்லலை. கொழந்தை பேருக்கே எழுதறேன், வாசிச்சுக் காட்டட்டும்."

அந்தப் பணம் தனக்கு எதற்கு என்று அத்தை அன்று சாயங்காலமே எனக்குச் சொல்லிவிட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முப்பது சென்ட் நிலம் விலைக்கு இருந்தது. இரண்டு பனை, ஒரு முருங்கை, ஓடு சரிந்த ஒரு சாளை வீடு. சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் மகளோடு போய் இருக்கப் போகிறார். கார்த்திகை வரை பொறுக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

"ஒரு அடுப்பு, சாமி. என்ற அடுப்பு. எனக்குப் பசிச்சா நான் பத்த வெப்பேன், பசிக்காட்டிச் சும்மா கெடக்கும். யாரு கேக்கறது?"

"நானு?" என்றேன்.

"நீ தெனமும் வாய்க்காலத் தாண்டி வா. கால நனச்சுட்டு வந்தீன்னா உள்ள உடமாட்டேன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்தது முதல் நான் தூங்கியது அவள் பாயில்.

ஆடியில் கடிதம் வந்தது. தபால்காரர் அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் எதிரே உட்கார்ந்து வாசித்தேன். காசு தான் நினைத்தபடியே மிக அபூர்வமானது, தானே வாங்கிக்கொள்கிறேன், ஐப்பசித் தேர் முடிந்ததும் பணத்தோடு நேரில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். அவர் எழுதியிருந்த தொகை அந்த நிலத்தின் விலையைவிடவும் அதிகம். அத்தை கீரையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். வாசல் கோடிக்குப் போய் வாய்க்காலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதை அவள் சரிசெய்யவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் நான் இல்லை.

கடிதத்தில் இன்னும் நான்கு வரிகள் இருந்தன. இன்றும் மனப்பாடமாகத் தெரியும். "ஒன்று மட்டும் கவனம். காசு இப்போதிருக்கிறபடியே இருக்க வேண்டும். துளையிடவோ, காது வைக்கவோ, புளி போட்டுத் துலக்கவோ கூடாது. நகையாக்கிவிட்டால் அது எனக்கு வெறும் தங்கம்."

"அவ்ளோதானா?" என்றாள் திரும்பி வந்து.

"அவ்ளோதானுங்க அத்தெ" என்றேன்.

அப்போது எனக்குத் திட்டம் ஒன்றும் கிடையாது. அவள் என்னை மறந்து நின்றதற்கு ஏதோ ஒன்றை அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த நான்கு வரிகளை எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் என் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணின் காசு மாலையில் நடுக்காசு அத்தை வீட்டுக் காசாக இருக்க வேண்டும், அதை அத்தையே கோக்க வேண்டும். மற்ற காசுகளெல்லாம் ராணி தலைப் பவுன்கள், கோக்கும் வளையமாகத் தலைமேல் காது வைத்து வரிசையாகத் தயாராக இருந்தன. அத்தையோ கணவன் இல்லாதவள். அவள் கை படக் கூடாது. என் அம்மா கொடுமைக்காரி அல்ல. அவளுக்குத் தெரிந்த முறையில் அத்தையிடம் இதமாகவே சொன்னாள்.

"நங்கையா, நீங்க முன்னால வரோண்டாம். நடுக்காசுக்கு வேற பவுனு வாங்கிக்கலாம், மாமன் கோத்துக்கட்டும்."

"நான் முன்னால வல்ல. என்ற காசு போகட்டும். அதுக்கென்ன, அது தாலியறுத்துதா?" என்றாள் அத்தை.

என் அக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கல்யாணம் முடிந்து மறுவீடு வரும்போது காசைக் கழற்றி வாங்கிக்கொள்வது என்று அத்தைக்கு எண்ணம். அதில் ஏதோ குறையும் என்று அவள் நினைக்கவில்லை. நம் ஜனங்களில் யார் நினைத்திருப்பார்கள்? காசுக்குக் காது வைத்தால் அது மேன்மை. காதில்லாத காசு பெட்டியில் கிடக்கும் காசு. காது வைத்தது ஒரு பெண்ணின் மார்பில் ஏறிய காசு.

நகை செய்யும் ஆசாரி கீழ்த்தெருவில் இருந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் காசை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். அந்த ஊரில் அதைத் தயங்கிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"இது நம்ம பவுனாட்ட இல்லீங்க அம்மிணி. நெருப்புக் காட்டிக் காது பத்த வெச்சா, மேல இருக்கற எழுத்துப் போயிரும். அப்பறம் வேணும்னாலும் வராது. நெருப்பில்லாம சுத்தியும் ஒரு வளையம் போட்டுக் கவ்வ வெக்கலாமுங்க. காசுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அஞ்சாறு நாளாகும்."

"கல்யாணத்துக்கு மூணு நாளுதான இருக்குது. காதும் பவுனுதான ஆசாரியாரே? எட கூடத்தான கூடும்? கார்த்திகையில இதைக் கேட்டு ஒருத்தரு வர்றாரு, அப்பக் கழட்டிக் குடுத்தாப் போவுது."

ஆசாரி காசைக் கீழே வைத்துவிட்டார். "வாங்கறவரு காதப் பத்தி ஏதாச்சு சொன்னாருங்களா?"

அத்தை என்னைப் பார்த்தாள். "சாமி, கடுதாசில ஏதாச்சு எழுதியிருந்தாரா?"

உலையில் கரி மெல்ல வெடிக்கும் சத்தம் கேட்டது. ஆசாரியின் பூனை என் காலை உரசிக்கொண்டு போனது. ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சொன்னால் சாளையில் அடுப்பு எரியும், என் பக்கத்துப் பாய் காலியாகும் என்றும் தெரியும்.

"இல்லீங்க அத்தெ."

"நல்லா நெனச்சுப் பாரு தம்பி. படிக்கற புள்ள நீ" என்றார் ஆசாரி.

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் ஊதுகுழலை எடுத்தார். விளக்குச் சுடர் வளைந்து காசின் விளிம்பை நக்கியது. காசு சிவந்தபோது அந்த மனிதன் கண் விழித்ததுபோல் இருந்தது. பிறகு தண்ணீரில் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்து அவர் நீட்டியபோது அது மற்றக் காசுகளைப்போலவே பளபளத்தது. முடியில் இருந்த செம்மண் போய்விட்டது. தலைக்கு மேல் நான் வாசித்த எழுத்துகள் இருந்த இடத்தில் காது முளைத்திருந்தது.

அன்றே அந்தக் கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

கல்யாணத்தன்று அத்தை நெல் கொட்டும் அறைக்குள்ளிருந்து கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே மேளம், உள்ளே புது நெல்லின் சூடான வாசனை. அக்கா மணையில் உட்கார்ந்தாள். மாலையின் நடுவில் அந்தக் காசு ஏறி இறங்கியது.

"நானே அங்க உக்காந்திருக்கறனாட்ட இருக்குது, சாமி" என்றாள் அத்தை.

கார்த்திகையில் வக்கீல் வந்தார். பணத்தைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் அப்பாவுக்கும் விஷயம் தெரிந்திருந்தது; கோபப்பட்டு, பிறகு தொகையைக் கேட்டுச் சாந்தமாகியிருந்தார். ஆசாரி காது கழற்றிக் கொடுத்த காசை அத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாள். வக்கீல் அதைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியை மடித்து வைத்தார்.

"காது வச்சிருந்தேளா?"

"கல்யாணத்துக்குங்க. கழட்டியாச்சு."

"கழட்டினா போன எழுத்து வராதே அம்மா. தொலக்கியும் இருக்கு. நான் எழுதியிருந்தேனே, தொடப்படாதுன்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அழுதேன். அந்த அழுகை எல்லோரையும் நம்ப வைத்தது. வக்கீல் தன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"கொழந்தையை மெரட்டாதேள். எழுதணும்னு நெனச்சுண்டு விட்டுட்டேனோ என்னமோ. எனக்கு இப்பல்லாம் எதுதான் நெனவு நிக்கறது? என் பிசகுதான்." பையை எடுத்துக்கொண்டார். "தங்க வெலை எந்தக் கடையிலும் தருவா. நான் அதுக்கு வேணுமா?"

பென்சிலில் தேய்த்தெடுத்த தாளை அவர் மறந்து விட்டுவிட்டுப் போனார். அப்பா தாளையும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாளில் எழுத்துகள் வட்டமாக, முழுசாக இருந்தன. காசில் மேலே நான்கு எழுத்து இல்லை. முடியின் இழைகள் மழுங்கியிருந்தன. அப்பா நிமிர்ந்தார்.

"இது அந்தக் காசே இல்லக்கா. ஆசாரி மாத்திப்போட்டான். அய்யரு பெரிய மனுசன், மூடி மறைச்சுப் போட்டுப் போறாரு."

நிறுத்துப் பார்த்தார்கள். ஆசாரி முதலில் நிறுத்துச் சொன்னதைவிட ஒரு குன்றிமணி எடை குறைந்திருந்தது. காதைக் கழற்றி அரம் போட்டதில் போன தூள் அது. கூப்பிட்டு விசாரித்தபோது ஆசாரி அதைச் சொன்னார். நெருப்புக் காட்ட வேண்டாம் என்று தானே தடுத்ததையும் சொன்னார். "அந்தப் பையனையும் வெச்சுட்டுத்தானுங்க கேட்டேன்" என்றார். ஊர்க்காரர்கள் முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, உதவி கேட்பதுபோல் இருந்தது. நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

"ஆசாரியாரு அப்படிப்பட்டவரில்ல" என்று அத்தை மட்டும் சொன்னாள். அவள் சொல் அந்த வீட்டில் எங்கே எடுபட்டது?

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் குன்றிமணித் தங்கம்கூடக் கொடுக்கவில்லை. தை பிறக்கும் முன்பே உலையைக் கலைத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு மலைக்குப் போய்விட்டார். தேயிலைத் தோட்டங்களில் ஜனங்கள் காசு சேர்த்துப் பவுன் வாங்குகிறார்கள், பிழைத்துக்கொள்வார் என்று பேசிக்கொண்டார்கள். சாளையை வேறு யாரோ வாங்கி மாடு கட்டினார்கள்.

அடுத்த ஆனியில் அத்தை அந்தக் காசைப் பாலக்காட்டுக் கடையில் தங்க எடைக்குப் போட்டாள். நிலத்துக்குப் போதாத பணம், ஒரு பையன் பாலக்காட்டில் தங்கிப் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கப் போதுமானதாக இருந்தது. "நீயாச்சு நல்லாப் படிச்சுட்டு வா, சாமி" என்று அதை அப்பா கையில் கொடுத்தாள். அவள் என்னை விட்டுப் போகக் கூடாது என்று பொய் சொன்னவன் நான். ஒரு வருஷம் ஆகுமுன் அவளை விட்டுப் போனேன். வண்டியில் ஏறும்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன். இன்று நான் எழுதும் இந்த ஒழுங்கான வாக்கியங்கள் அந்தப் பணத்தில் வந்தவை.

படித்து முடித்து, வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கரானேன். வந்த முதல் மாதமே கடைவீதியில் ஆசாரியைப் பார்த்தேன். மூடுபனியில், பலகைக் கடை ஒன்றில், முதுகு வளைந்து ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வீதியின் எதிர்ப்பக்கமாகவே நடந்தேன். ஒன்பது வருஷம்.

ஒரு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அத்தைக்குக் கண் பார்வை போயிருந்தது. எங்கள் அடுப்படியில் அதே மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான் சொன்னேன். கடிதத்தின் நான்கு வரிகளையும் ஒப்பித்தேன்.

"அப்பவே சொல்லியிருந்தீன்னா நல்லா நாலு வெச்சிருப்பேன். இப்பக் கையில பெலமில்ல." பிறகு, "ஊடு போனாப் போகுது. நான் எங்கிருந்தாலும் சோறுதான் ஆக்கியிருப்பேன். அந்த மனுசன் திருடன்னு பேரு வாங்கீட்டுப் போனாரே. மலையிலதான இருக்கறாரு? போயிச் சொல்லீரு சாமி. எனக்கு அது ஒண்ணு போதும்."

போனேன். என் மனைவியின் காதுத் திருகு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்பு வந்திருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, தன் பவுனுக்குக் காது வைக்கச் சொல்லி நீட்டினாள். அவர் அதை நிறுத்து, எடையை அவளுக்குக் காட்டி, பிறகு என்னிடம் தராசைத் திருப்பினார்.

"நீங்களும் பாத்துக்கங்க, சாட்சிக்கு. சாட்சி இல்லாம நான் காசத் தொடறதில்லீங்க."

"ஏன் அப்படி?" என்றேன்.

"அது ஒரு கத." அவர் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. "உங்களுக்கு எந்தூருங்க?"

வாயில் வந்தது எங்கள் ஊர்ப் பேச்சு அல்ல. தோட்டத்தில் கேட்டுப் பழகிய பேச்சு. "நமக்குத் தின்னவேலிப் பக்கம்யா" என்றேன்.

"அப்பிடிங்களா. நான் சித்தூருப் பக்கம். அங்கிருந்து யாராச்சு வந்தா, வாயத் தொறந்ததும் கண்டுபுடிச்சுருவேன்" என்றார்.

திருகைச் சரிசெய்து கொடுத்தார். கூலியைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த தரம் ஊருக்குப் போனபோது அத்தை படுக்கையில் இருந்தாள். என் காலடிச் சத்தத்திலேயே கண்டுகொண்டாள்.

"சொன்னியா சாமி?"

"சொன்னேனுங்க அத்தெ."

"என்ன சொன்னாரு?"

"சின்னப் பையந்தான, போகட்டும்னாருங்க. உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னாருங்க."

அவள் முகம் தெளிந்தது. என் கையைத் தேடி எடுத்து அதைத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டாள். எட்டு நாளில் போய்விட்டாள். ஆசாரி இன்னும் நான்கு வருஷம் இருந்தார். அந்த நான்கு வருஷமும் நான் வீதியின் எதிர்ப்பக்கமாகவே நடந்தேன்.

அவருடைய பிள்ளைகள் மலையிலோ கீழேயோ எங்காவது இருப்பார்கள். உங்களில் யாருக்காவது அவர்களைத் தெரிந்திருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: உங்கள் அப்பா காசை மாற்றவில்லை. காது வைக்க வேண்டாம் என்று சொன்னவர் அவர். கேட்கப்பட்டபோது இல்லை என்றவன் நான். அவர்களுக்கு வாசித்துக் காட்டும்போது எதையும் விட்டுவிடாமல், கடைசி வரி வரை வாசியுங்கள்.